சங்கத் திறப்பு

ஒரு சொல்லைப் பாதி விழுங்கினதால ஒரு மனுசியின்ர சீவியம் தலைகீழாப் போகுமெண்டு முந்தி ஆரும் எனக்குச் சொல்லியிருந்தா, "போங்கோ, விசர்க் கதை கதைக்காதேங்கோ" எண்டு சொல்லியிருப்பன். இப்ப சொல்லமாட்டன். என்ர கண்ணால கண்டனான். நடந்து கொஞ்சக் காலமாச்சு, இன்னும் எனக்கு அந்த அதிர்ச்சி போகேல்லை.

ஆக்களின்ர பேரையும் கொம்பனியின்ர பேரையும் சொல்லப் போறதில்லை. சொன்னா எனக்குத்தான் வில்லங்கம். தீவுப்பகுதியில கடலோரமா ஒரு நண்டுக் கொம்பனி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. எங்கட கடலில படுற நண்டு அங்க அவிஞ்சு வரும். நாங்கள் பொம்பிளையள் மேசையைச் சுத்தி நிண்டு ஓட்டை உடைச்சுச் சதையைப் பிரிச்செடுப்பம். கட்டிச் சதை ஒரு பக்கம், உதிரிச் சதை ஒரு பக்கம். பேந்து அது தகரப் பேணியில அடைபட்டு அமெரிக்காவுக்குப் போகும். நல்ல நண்டெல்லாம் கப்பலேறிப் போறதால ஊர்ச் சந்தையில கால் முறிஞ்சதும் சூம்பினதும்தான் மிச்சம். நாள் முழுக்க நண்டு உடைச்சுப்போட்டு வந்து வீட்டில கருவாட்டுக் குழம்பு வைக்கிறனாங்கள்.

ஆனா பொய் சொல்லக்கூடாது. அந்த வேலை வந்தது எங்களுக்குப் பெரிய விசயம். முந்தி தீவுப் பொம்பிளைக்குச் சம்பளமெண்டா ஒண்டில் படிச்சு ரீச்சராகவேணும், இல்லாட்டிப் பிளேன் ஏறவேணும். இப்ப ஒழுங்கை முடக்கில வான் வந்து நிக்குது. ஏறி இருந்தாச் சரி. உலகம் எங்கட வாசலுக்கு வந்திட்டுது எண்டு நானே பெருமையாக் கதைச்சுத் திரிஞ்சனான்.

உள்ளுக்குத்தான் சட்டதிட்டம் கூட. காப்பு, தோடு, மோதிரம் எல்லாத்தையும் கழட்டிப்போட்டுப் போகவேணும். வேலை நேரத்தில கதைக்கக் கூடாது. வாயைக் கட்டியிருந்தாலும் எச்சில் தெறிக்குமாம். வாயை மூடிக்கொண்டு நிக்கிறதெண்டா எனக்கு உயிர் போற வேலை. தேத்தண்ணி நேரம் வந்தாத்தான் எனக்கு மூச்சே வரும்.

எனக்குப் பக்கத்தில நிண்டவ இறுப்பிட்டிப் பக்கத்து அக்கா ஒராள். எங்கள் எல்லாருக்கும் அவ "தலைவி". தன்ர ஊர் மாதர் சங்கத்துக்கு அவதான் தலைவி. கூட்டத்தில ஒருத்தரும் ஓமெண்டு சொல்லாத நேரம் அவ ஓமெண்டு சொன்னவ, அதோட அந்தப் பதவி அவவில ஒட்டிக்கொண்டிட்டுது. சங்கத்துக்கு ஒரு அறை இருந்தது. அதுக்குள்ள ஆக்கள் இருக்கிற கதிரையள், நூறு பேருக்குச் சோறு அவிக்கிற கிடாரங்கள், பந்தலுக்குக் கட்டுற பெரிய தறப்பாள். செத்தவீடு, கலியாணவீடு எண்டா ஊர்ச்சனம் அவவின்ர படலையைத்தான் வந்து தட்டும். அறையின்ர திறப்பு, அதுதான் சாவி, எந்த நேரமும் அவவிட்ட இருக்கும். கொம்பனி வாசலில காப்பைக் கழட்டேக்க அதையும் கழட்டி வைப்பா. "தலைவி, திறப்பு கவனம். ஆரும் கிடாரத்தைக் களவெடுத்துப் போடுவாங்கள்" எண்டு நாங்கள் பகிடி பண்ணுவம். "உனக்கு ஒரு கலியாணம் வரட்டும், அப்ப தெரியும் என்ர கிடாரத்தின்ர அருமை" எண்டு எனக்குத் திருப்பித் தருவா.

பகிடிக்காரிதான். ஆனா ஒரு விசயத்தைக் கதைக்கேக்க மட்டும் முகம் மாறிப் போகும். அவ முந்தி அரபு நாட்டில ஒரு வீட்டில வேலை செய்தவ. புருசனுக்கு இடுப்பு ஏலாமல் போய், கடலுக்குப் போக வழியில்லாமல் வந்த நேரம் அவ பிளேன் ஏறினவ. அந்த வீட்டுக்காரர் வெளியில போகேக்க இவவை உள்ளுக்கு வைச்சுக் கதவைப் பூட்டித் திறப்பைக் கொண்டு போயிடுவினமாம். "ஒருநாள் குசினியில அடுப்பு பத்தினது பிள்ளை. நானே அணைச்சுப்போட்டன். அணையாட்டி என்ன செய்திருப்பன் எண்டு இப்பவும் நித்திரையில யோசிக்கிறனான்" எண்டு ஒருக்கால் சொன்னவ. பிறகு சொன்னா, "இந்த நண்டு இருக்கும் மட்டும் நான் அங்க திரும்பிப் போகமாட்டன்." அவவுக்கு அந்த வேலை எண்டா அதுதான். கொம்பனி அவவுக்குச் சம்பளத்தை விட, பூட்டாத கதவு.

ஒருநாள் நண்டு வாங்கிற நாட்டில இருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தா. அங்க கடையில பேணியை வாங்கிற சனம் கேக்குதாம், இதை உரிச்ச கையளுக்கு உரிமை இருக்கோ, சுதந்திரம் இருக்கோ எண்டு. அதைப் பாக்க வந்தவ. கேக்க எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எங்கையோ ஒரு நாட்டில ஆரோ ஒருத்தி பேணியைக் கையில வைச்சுக்கொண்டு என்னைப் பற்றி யோசிக்கிறாள் எண்டா சும்மாவோ. மொழிபெயர்க்கக் கொழும்பில இருந்து ஒரு இளம் பிள்ளையும் வந்திருந்தா. தேத்தண்ணி குடிக்கிற அறையில எங்களை நீட்டு மர வாங்கில இருத்தினவை. மனேச்சர் வாசலோட நிண்டார். அவரும் கொழும்பாள். பேசிறது தமிழ்தான், ஆனா எங்கட தமிழில்லை.

வேலை நேரம், கழிப்பறை, கையுறை எண்டு கேட்டுக்கொண்டு வந்து, அந்தப் பிள்ளை சொன்னா, "நீங்க சங்கத்தில சேர சுதந்திரம் இருக்கான்னு மேடம் கேக்குறாங்க."

நாங்கள் சிரிச்சிட்டம். இதென்ன கேள்வி.

"நாங்கள் எல்லாரும் சங்கத்திலதானே இருக்கிறம்" எண்டு ஒருத்தி சொன்னா.

"சேராட்டி வீட்டுக்கு வந்து பேச்சு விழும்" எண்டு இன்னொருத்தி.

வெள்ளைக்கார அம்மாவின்ர கண் விரிஞ்சு போச்சு. மளமளவெண்டு எழுதினா. ஆர் தலைவர் எண்டு கேட்டா. நாங்கள் எல்லாரும் ஒண்டாத் திரும்பி எங்கட அக்காவைப் பாத்தம். அவ எழும்பி நிண்டா.

"எங்கட சங்கத்துக்கு நான்தான் தலைவி."

"சங்கம் என்ன செய்யும்னு கேக்குறாங்க."

"ஆருக்கும் ஒரு அந்தரம் ஆபத்தெண்டா நாங்கள் எல்லாரும் ஒண்டாப் போய் நிப்பம். தனிய விடமாட்டம்."

"யாராவது தடுக்கிறாங்களா?"

"ஆர் தடுக்கிறது? எங்கட சங்கத்தில ஆரும் கை வைக்க ஏலாது" எண்டா. சொல்லேக்க நெஞ்சு நிமிர்ந்து நிண்டது. எனக்கும் பெருமையா இருந்தது.

நான் என்னத்தைச் சொல்ல. எங்கட பக்கத்தில சங்கமெண்டா அரிசி சீனி வாங்கிற சங்கக்கடை, மீன்பிடிக்கிற ஆக்களின்ர சங்கம், மாதர் சங்கம். வேலை செய்யிற இடத்தில முதலாளியோட நிண்டு கதைக்கிறதுக்கு ஒரு சங்கம் இருக்கலாமெண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித் தந்ததில்லை. "தொழிற்சங்கம்" எண்டு அந்தப் பிள்ளை முழுசாச் சொல்லியிருந்தா, நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பாத்து முழிச்சிருப்பம். முன்னால இருந்த அந்தத் "தொழில்" எண்ட சொல்லை அவ விழுங்கிப்போட்டா.

வெளிக்கிடேக்க அந்த அம்மா அக்காவின்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினா. பக்கத்தில நிண்டு படம் எடுத்தா. தான் எத்தினையோ நாடு போனதாம், முதலாளிக்கு முன்னால இப்பிடிப் பயமில்லாமல் நிமிர்ந்து கதைக்கிற ஒரு தலைவியைக் காணேல்லையாம். அதுக்குள்ள "யூனியன் லீடர்" எண்ட சொல்லு என்ர காதில விழுந்தது. எனக்கு இங்கிலீசு கதைக்க வராது, ஆனா கேட்டா விளங்கும். திரும்பி மனேச்சரைப் பாத்தன். மனுசன்ர முகத்தில ரத்தமில்லை. அப்பதான் எனக்குப் பொறி தட்டினது.

வான் வெளிக்கிட முதல் மனேச்சர் அக்காவைக் கூப்பிட்டார். நான் கதவடியில நிண்டனான். "நல்லா பேசினீங்க அக்கா" எண்டார். முகத்தில ஒரு சிரிப்பு. "சரி, நீங்க போயிட்டு வாங்க."

எங்கட ஊரில ஒருத்தரும் "போறன்" எண்டு சொல்லுறேல்லை. அது செத்தவீட்டுக் கதை மாதிரி. "போட்டு வாறன்" எண்டுதான் சொல்லுறது. மற்றவையும் "போட்டு வாங்கோ" எண்டுதான் அனுப்புறது. அக்காவும் அப்பிடித்தான் எடுத்தா. "போட்டு வாறன் தம்பி" எண்டு வாய் நிறையச் சொல்லிப்போட்டு வானில ஏறினா. நான் வானுக்குள்ள மெல்லமா, "அக்கா, அவை வேற ஒரு சங்கத்தை நினைச்சுப் போட்டினம் போல கிடக்கு" எண்டன். "விடும் பிள்ளை, நாளைக்குச் சொல்லுவம்" எண்டா.

அடுத்த நாள் விடியக் கேற்றில காவல்காரன் அக்காவை மறிச்சுப்போட்டான். உள்ள விடவேண்டாமாம்.

"தம்பி, நேற்று மனேச்சர் போட்டு வாங்கோ எண்டு சொன்னவர். நான் போட்டு வந்திட்டன்" எண்டா அக்கா. பகிடிக்குச் சொல்லேல்லை. உண்மையா அப்பிடித்தான் நம்பிக்கொண்டு நிண்டா. காவல்காரன் நிலத்தைப் பாத்தான். எங்களை ஒவ்வொருத்தராக் கேற்றுக்குள்ளால எடுத்தான். நான் திரும்பிப் பாத்தன். அவ சாப்பாட்டுப் பெட்டியைக் கையில பிடிச்சுக்கொண்டு, ஆரோ வந்து பிழையைத் திருத்துவினம் எண்ட மாதிரி அப்பிடியே நிண்டா. மரியாதையான சொல்லால ஒரு மனுசியை வேலையால கலைக்கலாமெண்டு நான் அண்டைக்குத்தான் அறிஞ்சனான்.

தேத்தண்ணி நேரத்தில நான் மனேச்சரிட்டப் போனன். என்ர வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. "அது வேலைச் சங்கம் இல்லை தம்பி, கதிரையும் கிடாரமும் குடுக்கிற சங்கம். செத்தவீட்டுக்குத் தறப்பாள் கட்டுறவை" எண்டு விளங்கப்படுத்தினன். அவர் முதலில முழிச்சார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணால தண்ணி வர வர சிரிச்சார். நானும் சேந்து சிரிச்சன், அப்பாடா, விசயம் முடிஞ்சுதெண்டு.

சிரிச்சு முடிச்ச வாயாலயே சொன்னார், "ஆனா மேல வரைக்கும் தலைவின்னு பேர் போயிடுச்சே. எந்தச் சங்கமா இருந்தா என்ன, ஆக்களைச் சேக்கத் தெரிஞ்சவங்கதானே. அந்தப் பதவியை விடச் சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

கிடாரத்துக்குத் தலைவியா இருக்கிறதும் குற்றமோ. அதை விடப் பெரிய அநியாயம் பிறகு வந்தது. அந்த அம்மா போய்ச் சொன்ன நல்ல கதையால பேணியில ஒட்டப் புதுசா ஒரு லேபில் வில்லை வந்தது. இதைச் செய்த தொழிலாளர் உரிமையோட, சுதந்திரமா வேலை செய்யினம் எண்டு இங்கிலீசில கிடந்தது. அக்கா எழும்பி நிண்டு சொன்ன அந்த ரெண்டு மூண்டு வசனத்துக்குக் கிடைச்ச வில்லை. அதே வசனத்துக்குத்தான் அவவுக்குக் கேற் பூட்டினது. நாங்கள் அந்த வில்லையை ஒட்டின பேணியளை அடுக்கிக்கொண்டு நிண்டம்.

அக்கா வீம்புக்காரி இல்லை. நான் சொன்ன உடன, "கோதாரி, பதவியோ பெரிசு, நான் விட்டிடுறன்" எண்டா. அந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் வைச்சா. நானும் சாட்சிக்கு பஸ் ஏறிப் போனனான். அவ எழும்பி, தனக்கு வேலை வேணுமெண்டும், திரும்ப அரபு நாட்டுக்குப் போகத் தன்னால ஏலாதெண்டும், ஆரும் ஒராள் தலைவியா வந்தாப் போதுமெண்டும் சொன்னா. சொல்லிப்போட்டுத் திறப்பைக் கழட்டி மேசையில வைச்சா.

ஒருத்தரும் கையை நீட்டேல்லை. எப்பிடி நீட்டுவினம். அங்க இருந்தவையில அரைவாசிப் பேர் அதே நண்டுக் கொம்பனி வானில ஏறுறவை. மிச்சப்பேர் மகளையோ மருமகளையோ ஏத்தி விடுறவை. எல்லாருக்கும் கேற்றடிக் கதை தெரியும். ஒரு மனுசி, "நான் இனிச் சங்கத்திலயே இல்லை, என்ர பேரை எடுத்துவிடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போனா. அவவுக்குப் பின்னால இன்னும் ரெண்டு பேர். நான் அந்த ஊராள் இல்லை, எனக்கு அதில உரித்தில்லை. சண்டைக்குள்ளயும் இடம்பெயர்வுக்குள்ளயும் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு திரிஞ்ச சங்கமாம் அது. திரும்பி வந்து முதல் செய்த வேலை அந்த அறைக்குக் கூரை போட்டதாம். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதில அது கண்ணுக்கு முன்னால கரைஞ்சு போறதை நான் பாத்துக்கொண்டிருந்தன். மேசையில கிடந்த திறப்பை அக்கா கடைசியாத் தானே எடுத்துக் கைப்பைக்குள்ள போட்டா.

நான் மனேச்சரிட்டத் திரும்பப் போனன். "யாரும் எடுக்கலைன்னா அவங்கதானே இன்னும் தலைவி" எண்டார். அதுக்குப் பிறகு அரபு நாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் அக்கா வீட்டுக்கு வந்து போகத் தொடங்கினான்.

வெளிக்கிட முதல் நாள் பின்னேரம் அவவைப் பாக்கப் போனனான். புருசன் கதிரையில குனிஞ்சபடி இருந்தார். அவ பெட்டி அடுக்கினபடி, "மூஞ்சியை நீட்டிக்கொண்டு நிக்காதையும். ஆரும் செத்துப் போச்சினமோ" எண்டு என்னைப் பேசினா. படலையடிக்கு வந்து, "போட்டு வாறன் பிள்ளை" எண்டா. "போட்டு வாங்கோ" எண்ட சொல்லு எனக்கு அதோட செத்துப் போச்சு.

அடுத்த வருசம் அதே வெள்ளைக்கார அம்மா வந்தா. அதே மொழிபெயர்க்கிற பிள்ளை. அதே வாங்கு. அம்மா இந்த முறை ஒரு சொல்லுப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தா. "தலேவி எங்க?" எண்டு தானே தமிழில கேட்டா. கையில சட்டம் போட்ட படம், அவவும் அக்காவும் கை குலுக்கிற படம். மனேச்சர் முந்திக்கொண்டு, அவ கூடச் சம்பளத்துக்கு வெளிநாடு போயிட்டா, தானா எடுத்த முடிவு எண்டு இங்கிலீசில சொன்னார். அம்மாவுக்குச் சந்தோசம். விரும்பின நாட்டுக்குப் போய் உழைக்கிறதும் ஒரு சுதந்திரம்தானே எண்டா.

இனி என்னால ஏலாமப் போச்சு. எழும்பினன். "அவ விரும்பிப் போகேல்லை. தலைவி எண்டு உங்களுக்குச் சொன்னதாலதான் அவவை நிப்பாட்டினவை. இதை அப்பிடியே சொல்லும் பிள்ளை" எண்டன். அந்தப் பிள்ளை மனேச்சரைப் பாத்தா. என்னைப் பாத்தா. பிறகு அம்மாவின்ர பக்கம் திரும்பி ஒரே ஒரு வசனம் சொன்னா. எனக்குக் கேட்டால் விளங்கும் எண்டு சொன்னனே. விளங்கினது. எனக்கு அக்காவை நினைச்சாச் சரியான கவலையாம்.

வெள்ளைக்கார அம்மா நெஞ்சில கை வைச்சு என்னைப் பாத்துத் தலையாட்டினா. உண்மையா உருகிப் போனா, அதையும் நான் சொல்லத்தான் வேணும். நான் இங்கிலீசில ஒரு சொல்லைத் தேடித் தேடி நிண்டன். இப்ப ஆர் உங்கட தலைவி, சங்கம் எப்பிடிப் போகுது எண்டு அடுத்த கேள்வி வந்தது. "எங்களுக்குச் சங்கமெண்டு ஒண்டுமில்லை" எண்டு பின் வரிசை வாங்கில இருந்து ஒரு குரல் வந்தது. அதில ஒரு பொய்யும் இல்லை. சேராமல் விடுறதும் உங்கட உரிமை எண்டு அம்மா சொல்லி விட்டா. படத்தை அக்காவுக்கு அனுப்பச் சொல்லி என்ர கையில தந்தா. அந்த மாதத்தோட நானும் அந்த வேலையை விட்டிட்டன். இப்ப வீட்டில இருந்து தைக்கிறன்.

அந்தப் படத்தைப் போனில எடுத்து அக்காவுக்கு அனுப்பினனான். போன் அவவிட்ட எப்பவும் இருக்காது, அவ வேலை செய்யிற வீட்டு மேடம் தரேக்கதான். கன நாளுக்குப் பிறகு குரல் பதிவு ஒண்டு வந்தது. மெல்லிய குரல், குசினிக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரி.

"படம் வடிவாக் கிடக்கு பிள்ளை. என்ர முகத்தில என்ன எடுப்பு, பாத்தீரோ. ஒரு விசயம். சங்கத் திறப்பு என்ர கைப்பைக்குள்ளயே வந்திட்டுது. இந்த வீட்டுத் திறப்பு எனக்கு இல்லை, அந்தத் திறப்பை வைச்சுக்கொண்டு இருக்கிறன். ஊரில ஆரும் மோசம் போய்ச் செத்தவீடு வந்தா என்னைப் பாத்துக்கொண்டு இருக்கவேண்டாம். பூட்டை உடைச்சுக் கதிரையளை எடுக்கச் சொல்லும்."

நான் இறுப்பிட்டிக்குப் போய் அப்பிடியே சொன்னனான். அதுக்குப் பிறகு அந்த ஊரில ரெண்டு செத்தவீடு நடந்திட்டுது. ரெண்டுக்கும் கதிரை ரவுணில இருந்து லொறியில வந்தது. பூட்டு அப்பிடியே தொங்குது. ஏன் உடைக்கேல்லை எண்டு ஒருத்தியைக் கேட்டன். சுத்திப் பாத்துப்போட்டு, மெல்லமாச் சொன்னா, "உடைச்சவளைத் தலைவி எண்டு சொல்லிப்போடுவாங்கள் பிள்ளை."